ஃபஷோடா என்று எழுதப்படாத தங்கப் பட்டை

பிரெஞ்சு ராணுவத்தில் இன்றும் வழங்கப்படும் ஒரு பதக்கத்தின் பெயர் ‘மெதாய் தூத்ர்மேர்’. கடல் கடந்த நாடுகளில் நடக்கும் ராணுவ நடவடிக்கைகளில் பணியாற்றியவர்களுக்கான அரசுப் பதக்கம் அது. 30 மில்லிமீட்டர் அகல வெள்ளி வட்டம். முன்பக்கம் தலைக்கவசமும் லாரல் மாலையும் அணிந்த ஒரு பெண் முகம். பிரெஞ்சுக் குடியரசை அப்படித்தான் உருவகப்படுத்துவார்கள். பின்பக்கம் பூகோளம், அதைச் சூழ்ந்து போர்ச் சின்னங்கள். ஜார்ஜ் லெமேர் என்ற கலைஞர் செதுக்கியது. வட்டத்துக்கு மேலே ஒரு பிறை. பிறையிலிருந்து வானநீல ரிப்பன், அதில் நெடுக்காக வெள்ளைக் கோடுகள்.

ரிப்பனில் ஒரு சிறு உலோகப் பட்டை கோத்திருக்கும். பதக்கத்தைக் கையில் எடுப்பவர் முதலில் படிக்க வேண்டியது அதைத்தான். ‘சாட்’, ‘லெபனான்’, ‘ஸயீர்’ என்று ஓர் இடத்தின் பெயர் அதில் இருக்கும். அணிந்தவர் அங்கே என்ன செய்தார் என்று பதக்கம் சொல்லாது. குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட காலத்தில், அரசு அனுப்பிய படையோடு அவர் இருந்தார் என்பதை மட்டும் சொல்லும். வீரச் செயலுக்கு வேறு விருதுகள் உண்டு. 1956-ல் ஏற்பட்ட ‘ராணுவ வீரச் சிலுவை’ பெறுவதற்கு, இன்னார் இன்ன நாளில் இன்னது செய்தார் என்று எழுதிய பாராட்டுரை வேண்டும். இந்தப் பதக்கத்துக்கு அது தேவையில்லை. அங்கே இருந்திருந்தால் போதும்.

அப்படியானால் ‘அங்கே’ என்பது எது, ‘இருந்தவர்’ என்பது யார்? இரண்டையும் தீர்மானிப்பது அரசு. இந்தத் தீர்மானம் நடைமுறையில் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க, இந்தப் பதக்கத்தின் வரலாற்றிலேயே பெரிய விசித்திரமான ஒரு நிகழ்வை எடுத்துக்கொள்கிறேன். ஒரு படை தன் இலக்கை அடைந்து, கொடியேற்றி, ஐந்து மாதம் காத்து நின்று, கடைசியில் சொந்த அரசின் உத்தரவால் அதைக் கைவிட்டு நடந்தது. அந்தப் படைக்குத் தங்கத்தில் பட்டை கிடைத்தது.

பதக்கம் பிறந்த விதம்

1893 ஜூலை 26-ல் நிறைவேறிய நிதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு இதை உருவாக்கியது. ஒரு பதக்கம் வரவுசெலவுச் சட்டத்துக்குள்ளிருந்து பிறந்தது கொஞ்சம் வியப்பாக இருக்கலாம். அன்றைய பெயர் ‘மெதாய் கொலொனியால்’, அதாவது காலனிப் பதக்கம். பிரெஞ்சுக் காலனியிலோ பிரெஞ்சுப் பாதுகாப்பில் இருந்த நாட்டிலோ நடந்த போர் நடவடிக்கைகளில் பங்கெடுத்தவர்களுக்கு என்று விதி சொன்னது. 1827 வரை பின்னோக்கிப் போய்ப் பழைய படையெடுப்புகளையும் சேர்த்துக்கொண்டார்கள். அல்ஜீரியா, கொச்சின்சீனா, துனீசியா, செனகலும் சூடானும், நியூ கலிடோனியா என்று பட்டைகள் வந்தன. பட்டைகளை வரிசையாக வைத்தால் பிரெஞ்சுப் பேரரசின் வரைபடமே வந்துவிடும்.

ஏறக்குறைய எல்லாப் பட்டைகளும் வெள்ளி. தங்கம் மிக அபூர்வம். சகாராவைக் கடந்து சாட் ஏரி வரை போன ஃபூரோ–லாமி பயணத்துக்கு ஒன்று. இங்கே பேசப்போகும் மார்ஷான் பயணத்துக்கு ஒன்று.

கொதிகலனும் சதுப்பும்

ழான்-பத்தீஸ்த் மார்ஷான் 1863-ல் கிழக்கு பிரான்சின் துவாஸே என்ற சிற்றூரில் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்தவர். பத்திரங்கள் எழுதிப் பதியும் ஒரு நொத்தாரிடம் எழுத்தராக இருந்துவிட்டுக் கடற்படைக் காலாட்படையில் சேர்ந்தார், அங்கிருந்து மேலே வந்தார். அவர் முன்வைத்த திட்டம் கேட்கும்போது எளிது: மேற்கே அட்லாண்டிக் கரையில் கிளம்பி, ஆப்பிரிக்காவைக் குறுக்காகக் கடந்து, மேல் நைல் நதிக்கரையில் உள்ள ஃபஷோடாவை பிரிட்டிஷாருக்கு முன்னால் போய்ப் பிடிப்பது. சூடானில் மஹ்தி என்ற மதத் தலைவர் நடத்திய கிளர்ச்சிக்குப் பிறகு எகிப்து கைவிட்ட ஒரு பாழடைந்த கோட்டை அங்கே இருந்தது. இன்று அந்த ஊர் தென் சூடானில், கொடோக் என்ற பெயரில் இருக்கிறது.

1896 ஜூலையில் மார்ஷான் இன்றைய கொங்கோ குடியரசின் கரையில், லுவாங்கோவில் இறங்கினார். பத்துப் பன்னிரண்டு பிரெஞ்சுக்காரர்கள், மேற்கு ஆப்பிரிக்காவில் திரட்டிய சுமார் 150 ‘செனகல் துப்பாக்கி வீரர்கள்’. படை சிறியதுதான், சாமான்தான் மலைபோல். லுவாங்கோவிலிருந்து பிராசவீல் வரை எல்லாவற்றையும் மனிதர்களின் தலைமேல்தான் கொண்டுபோக வேண்டும். சுமை தூக்க ஆள் பிடித்ததும் வழியெங்கும் நடந்த கொடுமைகளும் ஏற்கெனவே அந்தப் பாதையில் வாழ்ந்த மக்களைக் கொதிக்க வைத்திருந்தன. பாதை அடைபட்டது. மார்ஷானின் படை துப்பாக்கியோடு பாதையைத் திறந்தது. எதிர்ப்புக்குத் தலைமை தாங்கிய மபியாலா 1896-ல் கொல்லப்பட்டார். பயணத்தை வீர காவியமாகச் சொல்பவர்கள் பலர் இந்தப் பகுதியை ஒரே வரியில் தாண்டிவிடுவார்கள். ஆனால், பயணம் இங்கேதான் தொடங்கியது.

அப்புறம் கொங்கோ, உபாங்கி ஆறுகள் வழியாக மேலே. ம்போமூ ஆற்றின் தலைப்பகுதிக்கு வந்ததும் பெரிய சிக்கல். அந்த ஆறு கொங்கோவுக்குப் போவது. நைலுக்குப் போகும் சுவே ஆறு மேட்டுக்கு அந்தப் பக்கம். ‘ஃபேதெர்ப்’ என்ற சிறு நீராவிப் படகு அவர்களிடம் இருந்தது. அதை விட்டுவிட்டுப் போக மார்ஷானுக்கு மனமில்லை. படகின் உடலைத் துண்டு துண்டாகக் கழற்றினார்கள். துண்டுகளைத் தூக்கலாம், கொதிகலனை என்ன செய்வது? காட்டில் மரங்களை வெட்டிப் பாதை போட்டு, வெட்டிய மரங்களையே உருளைகளாகப் பரப்பி, அந்த இரும்பு உருண்டையை அவற்றின்மேல் அடி அடியாக உருட்டிக்கொண்டு போனார்கள். பின்னால் விடுபட்ட உருளையைத் தூக்கி முன்னால் போடுவது, மறுபடி தள்ளுவது. வாரக்கணக்கில் இதே வேலை. தள்ளியவர்களில் பெரும்பாலோர் அந்தந்த ஊர்களில் திரட்டப்பட்ட ஆட்கள்.

அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தால் ஆற்றில் தண்ணீர் இல்லை. மழைக்காலம் வரை மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். இடையில் கேப்டன் பாரத்தியே சிறு குழுவோடு பஹ்ர் எல் கஸல் சதுப்பில் வழி தேடப் போனார். கண்ணுக்கெட்டிய தூரம் பாப்பிரஸ் புல், நடக்கவும் முடியாது, படகு தள்ளவும் முடியாது. 1898 ஜூனில் தண்ணீர் ஏறத் தொடங்கியதும், நீராவிப் படகுக்குக் காத்திராமல் சிறு படகுகளில் மார்ஷான் புறப்பட்டார். ஜூலை 10 அன்று ஃபஷோடா.

ஐந்து மாதம்

கோட்டையைச் செப்பனிட்டார்கள். தோட்டம் போட்டுக் காய்கறி வளர்த்தார்கள். ஆகஸ்ட் 25 அன்று மஹ்திப் படையின் இரண்டு நீராவிக் கப்பல்கள் வந்து தாக்கின; விரட்டினார்கள். சில நாளில் ஃபேதெர்ப் வந்து சேர்ந்தது. அந்த நிலத்துக்கு உரிய ஷில்லுக் மக்களின் அரசரோடு ஓர் ஒப்பந்தமும் செய்துகொண்டார்கள்.

செப்டம்பர் 2 அன்று வடக்கே ஒம்துர்மான் போரில் பிரிட்டிஷ்–எகிப்தியப் படையின் தளபதி கிச்னர் மஹ்திப் படையை அழித்தார். செப்டம்பர் 19 அன்று அவரே ஐந்து கப்பல்களோடும் ஆயிரத்துக்கு மேற்பட்ட வீரர்களோடும் ஃபஷோடா வந்து நின்றார். எதிரே மார்ஷானிடம் நூற்றுச் சொச்சம் பேர். எகிப்தியச் சீருடையில் வந்த கிச்னர் பிரெஞ்சுக் கொடியை இறக்கச் சொல்லி வற்புறுத்தவில்லை. கொஞ்சம் தெற்கே எகிப்தியக் கொடியை ஏற்றி, ஒரு காவல் படையை விட்டுவிட்டு, முடிவை லண்டனும் பாரிஸும் பார்த்துக்கொள்ளட்டும் என்று கிளம்பினார். இருவரும் மரியாதையாகவே பேசிக்கொண்டார்கள். போகும்போது பிரிட்டிஷ் தரப்பு பிரெஞ்சுச் செய்தித்தாள்களைக் கொடுத்துவிட்டுப் போனது. நெடுநாளாக நாட்டுச் சேதி தெரியாதிருந்த அதிகாரிகள் திறந்து படித்தால் பக்கம் பக்கமாகத் திரைஃபஸ் வழக்கு, உளவாளி என்று பொய்க் குற்றம் சாட்டப்பட்ட யூத ராணுவ அதிகாரியின் வழக்கு. சொந்த நாடு இரண்டாகப் பிளந்து கிடப்பதை அந்தக் காகிதங்களில்தான் தெரிந்துகொண்டார்கள்.

இதற்குப் பிறகு ஃபஷோடாவில் நடந்ததற்கும் முடிவுக்கும் சம்பந்தமில்லை. மார்ஷான் வெளியேறும் வரை பேச்சே இல்லை என்று லண்டன் உறுதியாக நின்றது. பிரிட்டிஷ் கடற்படையோடு மோதும் நிலையில் பிரெஞ்சுக் கடற்படை இல்லை. கூட்டாளியான ரஷ்யா இதற்காகப் போருக்கு வரத் தயாராக இல்லை. நவம்பர் தொடக்கத்தில் வெளியுறவு அமைச்சர் தெல்கசே வெளியேற முடிவெடுத்தார்.

நைல் வழியாக வடக்கே இறங்கினால் சுலபம், ஆனால் பிரிட்டிஷ் கப்பலில் கைதிகள் மாதிரி போக வேண்டும். மார்ஷான் அதை ஏற்கவில்லை. டிசம்பர் 11 அன்று புறப்பட்டு சோபாத் ஆற்றில் ஏறி, போக முடிந்த இடம் வரை போய், ஃபேதெர்ப்பை அங்கேயே விட்டுவிட்டு, எத்தியோப்பிய மலைகளில் நடந்தார்கள். அடிஸ் அபாபாவில் பேரரசர் மெனலிக் வரவேற்றார். 1899 மே 16 அன்று ஜிபூத்தி, செங்கடல். மூன்றாண்டுக்குச் சற்றே குறைவான காலத்தில் ஆப்பிரிக்காவை மேற்கிலிருந்து கிழக்காகக் கடந்துவிட்டார்கள்.

பட்டையில் என்ன எழுதுவது?

திரும்பி வந்தவர்களை அரசு எப்படிக் கௌரவிப்பது? விதியின் சொல்லைப் பிடித்துக்கொண்டால் ஃபஷோடா பிரெஞ்சுக் காலனியும் ஆகவில்லை, பிரெஞ்சுப் பாதுகாப்பு நாடும் ஆகவில்லை. 1899 மார்ச் 21 அன்று கையெழுத்தான ஒப்பந்தம் நைல் பள்ளத்தாக்கிலிருந்து பிரான்சை முழுவதுமாக விலக்கி, கொங்கோ–நைல் நீர்ப்பிரி மேட்டில் கோடு போட்டிருந்தது. ‘ஃபஷோடா’ என்று பட்டை அடித்தால், பிரான்ஸ் விட்டுக்கொடுத்த ஊரின் பெயரைப் பிரெஞ்சு வீரர்களின் மார்பிலேயே மாட்டியதாகிவிடும். ஒன்றும் கொடுக்காமலும் இருக்க முடியாது. துலோன் துறைமுகத்திலும் பாரிஸிலும் மக்கள் கூட்டம் மார்ஷானைத் தூக்கி வைத்துக் கொண்டாடியது. அந்த பிப்ரவரியில்தான் தேசியவாத அரசியல்வாதி தெருலேத் ராணுவத்தைத் தூண்டி ஆட்சியைக் கவிழ்க்கப் பார்த்துத் தோற்றிருந்தார். தேசியவாதிகளுக்கு ஒரு படைத்தலைவன் தேவைப்பட்டான். ஆட்சியில் இருந்தவர்கள் இதைக் கவலையோடு பார்த்தார்கள். மார்ஷான் அந்த வலையில் விழவில்லை என்பதை அவர் பெருமையாகவே சொல்ல வேண்டும்.

அப்போது வந்ததுதான் தங்கப் பட்டை. அதில் எழுதியது: ‘அட்லாண்டிக்கிலிருந்து செங்கடல் வரை’.

இதை நான் மிகக் கவனமாகச் செதுக்கிய ஓர் அரசியல் வாக்கியமாகவே படிக்கிறேன். புறப்பட்ட கடலும் போய்ச் சேர்ந்த கடலும் இருக்கின்றன. நடுவில் இருந்த இலக்கு காணோம். நைலும் இல்லை, ஃபஷோடாவும் இல்லை. பின்வாங்கியபோது வேறு வழியில்லாமல் நடந்த எத்தியோப்பிய மலைப்பாதை, பயணத்தின் திட்டமிட்ட இரண்டாம் பாதி போல ஆகிவிட்டது. பொய் ஒரு எழுத்துகூட இல்லை. அட்லாண்டிக்கிலிருந்து செங்கடலுக்கு அவர்கள் நடந்தது உண்மை. உண்மையான இரண்டு பெயர்களை வைத்தே மூன்றாவது பெயரை அரசு மறைத்துக்கொண்டது. பட்டை என்ற அந்தச் சின்ன உலோகத் துண்டின் வேலை என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

அதே சமயம் ஒன்றைப் பாராட்டித்தான் ஆக வேண்டும். காலனிப் பதக்கம் ஐரோப்பியருக்கு மட்டும் என்று வைக்கப்படவில்லை. ஆப்பிரிக்க வீரர்களுக்கும் உரியதாக இருந்தது. 1899 ஜூலை 14 அன்று பாரிஸ் லோங்ஷான் திடலில் நடந்த அணிவகுப்பில் மார்ஷானின் ஆப்பிரிக்க வீரர்களும் நடந்து போனார்கள், கூட்டம் ஆரவாரம் செய்தது. அந்தக் காலத்தில் அது சாதாரண விஷயம் இல்லை.

பதக்கம் பெறுவோரின் வட்டம் அந்த வீரர்களோடு நின்றுவிட்டது என்பதுதான் குறை. லுவாங்கோ பாதையில் சுமை தூக்கியவர்கள், கொதிகலனை உருட்டியவர்கள், படகு வலித்தவர்கள், வழி காட்டியவர்கள் யாரும் ‘இருந்தவர்கள்’ கணக்கில் வரவில்லை. பணி என்பது அங்கே இருந்தது என்று அர்த்தம் என்றால், அவர்களைவிட அங்கே இருந்தவர்கள் யார்? படைப் பட்டியலில் பெயர் இருந்தால் பதக்கம், கூலிப் பட்டியலில் இருந்தால் கூலி, எந்தப் பட்டியலிலும் இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. பல சுமைதூக்கிகளின் பெயர்கூட எழுதிவைக்கப்படவில்லை.

பெயர் மாற்றமும் அதே ரிப்பனும்

இரண்டாம் உலகப் போரில் இந்தப் பதக்கத்துக்குக் குஃப்ரா, ஃபெஸ்ஸான், பிர் ஹக்கீம் பட்டைகள் சேர்ந்தன. ஜெர்மனிக்குப் பணியாமல் போரைத் தொடர்ந்த டி கோலின் சுதந்திர பிரெஞ்சுப் படை போரிட்ட இடங்கள் இவை. அந்தப் படையைத் தாங்கிப் பிடித்ததும் காலனிகள்தான். நம் பக்கத்துப் பிரெஞ்சு இந்தியாவும் 1940 செப்டம்பரில் அந்த அணியில் சேர்ந்தது. புதுச்சேரி, காரைக்கால் பக்கம் ‘சொல்தா’ (பிரெஞ்சுப் படைச் சிப்பாய்) தாத்தா இருந்த வீடுகளில் பழைய பதக்கங்கள் பெட்டியில் கிடக்கலாம். வானநீல ரிப்பனும் பிறையும் கண்ணில் பட்டால் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ‘கொலொனியால்’ என்று இருந்தால் பழைய வார்ப்பு. ரிப்பனில் பட்டை இருந்தால் அதைக் கழற்றித் தனியே வைத்துவிடாதீர்கள். குடும்பத்தில் எவருக்கும் நினைவில்லாத ஊரின் பெயர் அதில் மட்டும்தான் இருக்கும். பட்டையே இல்லாமல் இருந்தாலும் போலி என்று எண்ண வேண்டாம். குறிப்பிட்ட பகுதிகளில் நெடுங்காலம் பணியாற்றியதற்காகப் பட்டையில்லாமல் கொடுக்கும் முறையும் உண்டு.

1962 ஜூன் 6 அன்று ஓர் ஆணை பதக்கத்தின் பெயரை மாற்றியது. அல்ஜீரியா சுதந்திரம் பெற ஒரு மாதம்கூட இல்லை. காலனி போய்விட்டது, ‘கடல்கடந்த’ என்ற சொல் வந்தது. அதே பெண் முகம், அதே பூகோளம், அதே ரிப்பன். அந்த அல்ஜீரியப் போரில் இருந்தவர்களுக்கு 1956-ல் தனியாக ஒரு நினைவுப் பதக்கம் உண்டாக்கியிருந்தார்கள். அதன் பெயரில் ‘போர்’ என்ற சொல்லே இல்லை, ‘பாதுகாப்பு, ஒழுங்கு காக்கும் நடவடிக்கைகள்’ என்றுதான் இருந்தது. பிரெஞ்சுச் சட்டம் அதைப் போர் என்று ஒப்புக்கொள்ள 1999 வரை ஆனது.

புதிய பெயரில் பதக்கம் ஓய்வெடுக்கவில்லை. 1969-ல் சாட் நாட்டுக்குப் படை போனது, ‘சாட்’ பட்டை. 1978 மே மாதம், அன்று ஸயீர் எனப்பட்ட இன்றைய கொங்கோ ஜனநாயகக் குடியரசின் கோல்வேஸி சுரங்க நகரத்தில் சிக்கிய ஐரோப்பியர்களை மீட்க, கோர்சிக்கா தீவின் கால்வி நகரில் இருந்த, வெளிநாட்டவர் சேரும் அயலகப் படையின் இரண்டாம் பாராசூட் பிரிவு வானிலிருந்து குதித்தது, ‘ஸயீர்’ பட்டை. அதே ஆண்டு தொடங்கி ‘லெபனான்’. 1983 அக்டோபர் 23 அன்று பெய்ரூட்டில் பிரெஞ்சு வீரர்கள் தங்கியிருந்த ‘திராக்கார்’ கட்டடம் குண்டுவெடிப்பில் சரிந்து 58 பிரெஞ்சுப் பாராசூட் வீரர்கள் மாண்டார்கள். அவர்கள் அங்கே போனது யாரையும் வெல்ல அல்ல, பன்னாட்டுப் படையின் பகுதியாக அமைதி காக்க. அந்த ஒரு காலையை நினைத்தால் ‘வெறுமனே இருந்ததற்கான பதக்கம்’ என்று யாரும் அலட்சியமாகப் பேச முடியாது. அங்கே இருப்பதே உயிரைக் கேட்கும் வேலை.

2019 நவம்பர் 11 அன்று பாரிஸின் ஆந்த்ரே சித்ரோயென் பூங்காவில் திறந்த நினைவகத்தின் சுவரில், 1963 முதல் இப்படி வெளிநாட்டு நடவடிக்கைகளில் இறந்த 549 பேரின் பெயர்கள் பொறிக்கப்பட்டன. முன்னால் ஆறு வெண்கல உருவங்கள், ஐந்து ஆண்கள், ஒரு பெண், கண்ணுக்குத் தெரியாத ஒரு சவப்பெட்டியைத் தோளில் சுமக்கிறார்கள். பதக்கம் இடங்களின் பெயரைச் சொல்லி வந்தது. மனிதர்களின் பெயரைச் சொல்ல ஒரு சுவர் வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. தாமதமானாலும் நல்ல காரியம்.

லார்ஜோவின் ஊர்

மார்ஷானோடு ஃபஷோடாவில் நின்ற அதிகாரிகளில் எமானுவேல் லார்ஜோ ஒருவர். பிற்பாடு சாட் நாட்டைப் பிரெஞ்சு ஆட்சிக்குள் கொண்டுவந்ததில் முக்கியமானவர். 1916-ல் வெர்தன் போர்முனையில் இறந்தார். வடக்கு சாடின் பாலைவனத்தில் இருக்கும் ஃபாயா என்ற சோலை ஊருக்கு அவர் பெயரையும் சேர்த்து ஃபாயா-லார்ஜோ என்று வைத்தார்கள். 1969-க்குப் பிறகு பிரெஞ்சுப் படை மறுபடியும் அதே ஊருக்கு வந்தது. 1970 அக்டோபர் 11 அன்று அந்த ஊருக்கு வடக்கே பெதோ என்ற இடத்தில் ஒரு கடற்படைக் காலாட்படை பாராசூட் பிரிவு பதுங்கித் தாக்குதலில் சிக்கிப் பல உயிர்களை இழந்தது. 1980-களில் லிபியாவோடு மோதல் வந்தபோது ஃபாயா-லார்ஜோ செய்திகளில் அன்றாடம் அடிபட்ட பெயர். தாத்தா காலனிப் பதக்கம் வாங்கிய மண்ணிலேயே பேரன் கடல்கடந்த பதக்கம் வாங்கினான் என்று பிரெஞ்சுக் குடும்பம் ஒன்று சொன்னால் அதில் வியப்பில்லை. பட்டையில் ‘சாட்’ என்பதற்கு வேறு சொல் போடும் தேவைகூட எழவில்லை.

2013 ஜனவரியில் மாலியில் ஜிஹாதி ஆயுதக் குழுக்களுக்கு எதிராகத் தொடங்கிய செர்வால் நடவடிக்கையும் அதன் தொடர்ச்சியான பர்கானும் இதே பதக்கத்துக்கு ‘சாஹெல்’ பட்டையைச் சேர்த்தன. சாஹெல் என்பது சகாராவுக்குத் தெற்கே உள்ள ஒரு நிலப்பரப்பின் பெயர். மாலியில் இருந்தவருக்கும் நைஜரில் இருந்தவருக்கும் அது பொருந்தும். படை எந்த நாட்டிலிருந்து எப்போது வெளியேறியது என்பது அதில் தெரியாது. 2022 ஆகஸ்டில் மாலியிலிருந்து வெளியேறினார்கள், 2023 டிசம்பரில் நைஜரிலிருந்து. 2024 நவம்பர் இறுதியில் சாட் அரசும் பாதுகாப்பு ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. பிரெஞ்சு ராணுவம் அங்கே முதலில் ஒப்படைத்த தளம் ஃபாயா-லார்ஜோ. நாள் 2024 டிசம்பர் 26. அடுத்த மாதக் கடைசியில், 2025 ஜனவரி 30 அன்று, தலைநகர் என்ஜமீனாவில் இருந்த தளமும் கைமாறியது.

அந்தத் தளங்களில் பாலைவன வெயிலில் காவல் நின்ற சிப்பாய்க்கு அவன் பட்டை முறைப்படி கிடைத்தாக வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. போகச் சொன்ன அரசு, வரச் சொன்ன அரசு இரண்டும் ஒன்றுதான். இடையில் அவன் இருந்தான். அவனோடு கூட இருந்த மொழிபெயர்ப்பாளர், ஓட்டுநர், சமையல்காரர் என்று உள்ளூர்க்காரர்கள் பலர். மார்ஷானின் சுமைதூக்கிகளைப் போலவே இவர்களும் இந்தப் பதக்கத்தின் கணக்குக்கு வெளியே நிற்கிறார்கள். ஆப்கானிஸ்தானில் பிரெஞ்சுப் படைக்கு மொழிபெயர்த்தவர்கள் பாரிஸ் நீதிமன்றங்களில் பாதுகாப்புக் கேட்டு ஆண்டுக்கணக்கில் வழக்காட வேண்டியிருந்தது. அவர்கள் கேட்டது பதக்கம் அல்ல, விசா.